பூஜ்ய வோல்ட்டில் தொடங்க வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

0 முதல் 100 வோல்ட் வரை, 10 ஆம்பியர் மின்னோட்டம் தரக்கூடிய லீனியர் பவர் சப்ளையை (மிகுதி மின்னழுத்தத்தை டிரான்சிஸ்டரில் வெப்பமாக விட்டு, வேண்டிய அளவை மட்டும் வெளியே தரும் கருவியை) மாணவர்களே செய்துகொள்வது எப்படி என்று தங்கள் அறிவியல் இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று சுற்றுப் படமும் பாகங்களின் பட்டியலும் சேர்த்து இத்தகைய பொருளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பது, முப்பத்தோரு ஆண்டுகள் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மின்னணுவியல் கற்பித்த எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் அந்தச் சுற்றை அச்சில் உள்ளபடியே செய்யும் மாணவர் தம் பணத்தை நிச்சயம் இழப்பார். கவனம் பிசகினால் உடலுக்கும் தீங்கு நேரும். எனவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

கட்டுரையின் வாதம் இதுதான். 100 வோல்ட்டும் 10 ஆம்பியரும் சேர்ந்தால் 1000 வாட். எம்ஜே15003 என்ற டிரான்சிஸ்டர் ஒன்றின் திறன் 250 வாட். பன்னிரண்டை இணையாக வைத்தால் 3000 வாட். ஆகவே மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று கணக்கைப் போட வேண்டுமோ அந்த இடத்தில் அது போடப்படவில்லை. லீனியர் பவர் சப்ளையில் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டியது வெளியே போகும் 1000 வாட்டை அன்று. வெளியே போகாமல் தன் மேலேயே தங்கிவிடும் வாட்டைத்தான். அது மிக அதிகமாக இருப்பது வெளியீடு 100 வோல்ட்டில் நிற்கும்போது அல்ல, பூஜ்யத்தில் நிற்கும்போது.

எண்களை வைத்தே சொல்கிறேன். 100 வோல்ட்டை 10 ஆம்பியரில் குலையாமல் தர வேண்டுமானால், டிரான்சிஸ்டருக்கும், அதன் எமிட்டரில் (மின்னோட்டம் வெளியேறும் முனையில்) உள்ள மின்தடைக்கும், மின்னோட்டத்தை அளக்கும் மின்தடைக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 வோல்ட் விட்டுவைக்க வேண்டும். ஆக, வடிகட்டும் மின்தேக்கியின் மின்னழுத்தம், அது ஏறி இறங்கும் அலையின் அடிமட்டத்திலும் 105 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 20,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 10 ஆம்பியர் இழுத்தால் அலையின் உயரம் 5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் 230 வோல்ட் 207க்கு இறங்குவது அரிதன்று. அப்போதும் 105 நிலைக்க வேண்டுமென்றால், மின்மாற்றியின் இரண்டாம் கம்பிச்சுற்று 230 வோல்ட் வரவின்போது முழுச் சுமையில் 88 வோல்ட் தர வேண்டும். அதை நேர்மின்சாரமாக்கினால் மின்தேக்கியில் சராசரியாக 120 வோல்ட் நிற்கும். நள்ளிரவில் வரவு 253 வோல்ட்டுக்கு ஏறினால் அது 132 ஆகும். சுமை எதுவும் இல்லாத நிலையில் 140ஐத் தாண்டிவிடும்.

இப்போது குமிழைத் திருகி வெளியீட்டை 100 வோல்ட்டில் வைத்தால், டிரான்சிஸ்டர்களின் மேல் விழுவது 20 வோல்ட். வெப்பம் 200 வாட். கண்காட்சி மேசையில் இந்த நிலையில் வைத்து விளக்குகளை எரியவிட்டுக் காட்டினால் கருவி அமைதியாக வேலை செய்யும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். அதே கருவியில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை 10 ஆம்பியரில் சார்ஜ் செய்ய முயன்றால் மீதி 108 வோல்ட்டும் டிரான்சிஸ்டர்களின் மேல் விழும். வெப்பம் 1080 வாட். வெளியீட்டு முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் 1200 வாட்; இரவில் அது 1320 வாட். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் இம்மர்ஷன் ஹீட்டரின் சூடு இது. அந்த ஹீட்டராவது தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. இங்கே அந்தச் சூடு அத்தனையும் நகக்கண் அளவுள்ள சில சிலிக்கான் துண்டுகளில் பிறந்து, உலோக உறையைக் கடந்து, மின்சாரம் கடத்தாத மைக்காத் தகட்டைக் கடந்து, அலுமினியத்தைக் கடந்து காற்றுக்குப் போய்ச் சேர வேண்டும்.

1320 வாட்டாக இருந்தாலும் 3000 வாட் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றனவே என்று மாணவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கான விடை டேட்டா ஷீட்டின் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளின்) முதல் பக்கத்தில் இல்லை. ‘சேஃப் ஆப்பரேட்டிங் ஏரியா’ (பாதுகாப்பாக இயங்கும் எல்லை) என்ற தலைப்பில் உள்ளே இருக்கும் வரைபடத்தில் இருக்கிறது. 250 வாட் என்ற எண் டிரான்சிஸ்டரின் உறை 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். உறை 105 டிகிரிக்குச் சூடேறினால் அது 136 வாட்டாகச் சுருங்கிவிடும். இது பாடப்புத்தகத்தில் உண்டு. பெரும்பாலான மாணவர்களுக்கும் தெரியும். தெரியாதது அடுத்த செய்தி. எம்ஜே15003 டிரான்சிஸ்டர் 50 வோல்ட்டைத் தன் மேல் தாங்கும்போது 5 ஆம்பியர் விடலாம். 50ஐ 5ஆல் பெருக்கினால் 250 வாட், சரி. ஆனால் 100 வோல்ட்டைத் தாங்கும்போது விடத்தக்கது 1 ஆம்பியர் மட்டுமே. அதாவது 100 வாட். மின்னழுத்தம் இரட்டித்ததும் டிரான்சிஸ்டர் தன் திறனில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது.

காரணம், உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டம் சிலிக்கான் முழுவதிலும் சமமாகப் பரவுவதில்லை. எங்கோ ஓரிடம் சற்றே கூடுதலாகச் சூடாகிறது. சூடான இடம் இன்னும் அதிக மின்னோட்டத்தைத் தன்பால் இழுக்கிறது. அது மேலும் சூடாகிறது. உறையைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், உள்ளே அந்த ஒரு புள்ளி உருகிவிட்டிருக்கும். இதை இரண்டாம் நிலை முறிவு என்பார்கள். வரைபடத்தின் கோட்டை 120 வோல்ட் வரை நீட்டிப் பார்த்தால் ஒரு டிரான்சிஸ்டருக்குச் சுமார் 0.65 ஆம்பியர்தான் கிடைக்கிறது. பன்னிரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 8 ஆம்பியர், அதுவும் உறை குளிர்ந்திருந்தால். நாம் கேட்பதோ 10. ஆக, காகிதத்தில் 3000 வாட் இருந்தும் 1200 வாட்டில் அவை இறக்கும். இது போதாதென்று, எம்ஜே15003 தாங்கக்கூடிய உச்ச மின்னழுத்தமே 140 வோல்ட்தான். சுமையில்லாத நள்ளிரவில் அந்த எல்லையும் மீறப்படுகிறது.

இறக்கும் விதமும் முக்கியம். இப்படி முறியும் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் கலெக்டருக்கும் (மின்னோட்டம் நுழையும் முனைக்கும்) எமிட்டருக்கும் இடையே ஒரு கம்பியைப் போல ஒட்டிக்கொள்கிறது. உடனே 120 வோல்ட் முழுவதும் வெளியீட்டுக்குப் பாய்ந்து, 12 வோல்ட் கேட்டு இணைக்கப்பட்டிருந்த கருவியையும் எரித்துவிடும்.

டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது இதற்கு வழியன்று. அவற்றின் மேல் அவ்வளவு மின்னழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதே வழி. அதற்குப் பழைய, நம்பகமான முறை ஒன்று உண்டு. 88 வோல்ட்டை ஒரே சுற்றாகச் சுற்றாமல், 22 வோல்ட் வீதம் நான்கு தனிக் கம்பிச்சுற்றுகளாகச் சுற்றச் சொல்ல வேண்டும். கோவையில் காயில் வைண்டிங் கடைக்காரரிடம் தெளிவாக எழுதிக் கொடுத்தால் செய்து தருவார். வெளியீடு 16 வோல்ட் வரை ஒரு சுற்று, 44 வரை இரண்டு, 72 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு என்று ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) மாற்றிக்கொள்ளட்டும். அப்போது டிரான்சிஸ்டர்களின் மேல் எந்த நிலையிலும் 48 வோல்ட்டுக்கு மேல் விழாது. வரவு 253 ஆனால் 60. மிக மோசமான நிலையிலும் வெப்பம் 600 வாட். 250 வோல்ட் தாங்கும் எம்ஜே15024ஐ எடுத்துக்கொண்டால், பன்னிரண்டுக்குப் பகிரும்போது ஒன்றுக்கு 60 வோல்ட்டில் 0.83 ஆம்பியர், 50 வாட். வரைபடத்தின் எல்லைக்குள் தாராளமாக இருக்கிறோம். கட்டுரையாசிரியர் சொன்ன அதே பன்னிரண்டு என்ற எண்ணிக்கைதான். இப்போது அது போதுமானதாகிவிட்டது.

அந்த 600 வாட்டை வெளியேற்றும் கணக்கில் அறையின் வெப்பநிலையை 25 டிகிரி என்று வைக்கக் கூடாது. நம் கோடையில் 40 என்று வைப்பதே நேர்மை. ஹீட் சிங்க் (வெப்பத்தைக் காற்றுக்கு விடும் அலுமினியத் துண்டு) 85 டிகிரிக்கு மேல் போகக் கூடாதென்றால், ஒரு வாட்டுக்கு 0.075 டிகிரிக்கு மேல் அது சூடேறக் கூடாது. சும்மா நிற்கும் அலுமினியத் துண்டால் இது முடியாது. இரண்டு ஹீட் சிங்குகளை எதிரெதிரே வைத்துச் சுரங்கம்போல் அமைத்து, அதற்குள் விசிறியால் காற்றைத் தள்ள வேண்டும். விசிறி நின்றாலோ ஹீட் சிங்க் 90 டிகிரியைத் தொட்டாலோ கருவியை அணைக்கும் தெர்மல் ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். அதன் விலை ஒரு டிரான்சிஸ்டரின் விலைகூட வராது. எமிட்டர் மின்தடைகளும் கட்டுரையில் 0.1 ஓம் என்று மிகக் குறைவாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தொகுப்பில் வாங்கிய டிரான்சிஸ்டர்களுக்குள்ளேயே சில பத்து மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும், 0.83 ஆம்பியரில் 83 மில்லிவோல்ட் மட்டும் விழும் மின்தடையால் அதைச் சமன் செய்ய முடியாது. 0.33 ஓம் இருந்தால் சுமையை ஓரளவு சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

ரிலே முறையை அறிந்தவர்கள்கூடத் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வெளியீடு 100 வோல்ட்டில் முழுச் சுமையுடன் இயங்கும்போது முனைகள் திடீரென ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வெளியீடு பூஜ்யத்துக்கு விழுந்ததை உணர்ந்து ரிலேக்கள் சில பத்து மில்லி செகண்டில் ஒரு சுற்றுக்கு இறங்கிவிடும். ஆனால் மின்தேக்கியில் ஏற்கெனவே இருக்கும் 120 வோல்ட் ரிலேயின் சொல்லைக் கேட்காது. 20,000 மைக்ரோஃபாரட்டிலிருந்து 10 ஆம்பியர் இழுத்தால் அது விநாடிக்கு 500 வோல்ட் வீதம் இறங்கும். 120இலிருந்து 30க்கு வர 0.18 விநாடி ஆகிறது. அவ்வளவு நேரமும் டிரான்சிஸ்டர்கள் நாம் தவிர்க்க நினைத்த அதே அபாயப் பகுதியில் நிற்கின்றன. ஆகவே டிரான்சிஸ்டரின் மேல் விழும் மின்னழுத்தத்தை அளந்து, அது 70 வோல்ட்டைத் தாண்டினால் மின்னோட்ட வரம்பை 10இலிருந்து 2 ஆம்பியருக்குத் தானாகக் குறைக்கும் ஒரு சிறு பகுதி கட்டாயம் வேண்டும். மின்தேக்கி இறங்கியதும் வரம்பு மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு டிரான்சிஸ்டர், மின்னழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்தும் ஒரு ஜீனர் டையோடு, மூன்று மின்தடைகள், அவ்வளவுதான். என் அனுபவத்தில் வீட்டில் செய்த பெரிய பவர் சப்ளைகள் கெட்டதற்கு மற்ற எல்லாக் காரணங்களையும்விட இந்தச் சிறு பகுதி இல்லாததே பெரிய காரணம்.

மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டரைப் போட்டால் இந்தத் தொல்லைகள் இல்லை என்று சிலர் மாணவர்களுக்குச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாஸ்ஃபெட்டுகள் முழுதாகத் திறப்பது அல்லது முழுதாக மூடுவது என்ற வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை. பாதி திறந்த நிலையில் நெடுநேரம் நிறுத்தினால் அவற்றிலும் சூடான புள்ளி உருவாகிறது. அவற்றின் வரைபடத்தைப் பாருங்கள்: 10 மில்லி செகண்ட் வரைக்குமான கோடுகள் இருக்கும், தொடர் மின்னோட்டத்துக்கான கோடு பலவற்றில் இருக்காது. அந்தக் கோடு இல்லாத மாஸ்ஃபெட்டை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. போலிகளையும் சொல்ல வேண்டும். புகழ்பெற்ற டிரான்சிஸ்டர் எண்களைப் பொறித்து, உள்ளே சிறிய சிலிக்கான் துண்டை வைத்து விற்பது உலகெங்கும் நடக்கிறது. ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, ஹீட் சிங்கில் பொருத்தி, 50 வோல்ட்டில் 1 ஆம்பியர் விட்டு அரை மணி நேரம் சோதித்த பிறகு மீதி பதினொன்றை வாங்குவது நல்லது.

கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வருகிறேன். ஃபேர்சைல்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய 723 என்ற மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சிப்பைக் கட்டுரை பரிந்துரைக்கிறது. இன்றும் எளிதில் கிடைக்கும் அருமையான சிப் அது. என் மாணவர்கள் எல்லோரும் அதில்தான் ரெகுலேட்டர் படித்தார்கள். ஆனால் அது தாங்குவது 40 வோல்ட். கட்டுரையில் உள்ளபடி 120 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடை, ஒரு ஜீனர் டையோடு வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்தால், ஜீனரின் ஒரு கால் சால்டரிங்கில் விட்டுப்போன அன்று சிப் போய்விடும். அதன் பின்னால் டிரான்சிஸ்டர்களும் போகும். மேலும் சாதாரணமாக இணைத்தால் 723 தரக்கூடிய மிகக் குறைந்த வெளியீடு 2 வோல்ட். தலைப்பில் சொன்ன பூஜ்யம் அந்தச் சுற்றில் வரவே வராது.

இதற்கு மிக அழகான விடை உண்டு. கட்டுப்பாட்டுச் சுற்றுக்கென்று தனியாக ஒரு சிறிய மின்மாற்றி வைத்து, அதன் பொது முனையைக் கருவியின் எதிர்முனையோடு இணைக்காமல் வெளியீட்டின் நேர்முனையோடு இணைத்துவிட வேண்டும். அப்போது வெளியீடு 5 வோல்ட்டானாலும் 100 வோல்ட்டானாலும் கட்டுப்பாட்டுச் சுற்று அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் பரிசலில் இருப்பவருக்கு ஆற்றின் ஆழம் தெரியாதது போல, சிப்புக்கு 100 வோல்ட் இருப்பதே தெரியாது. அது எப்போதும் தன் 12 வோல்ட்டை மட்டுமே காணும். சாதாரண ஆப்-ஆம்ப் (இரு மின்னழுத்தங்களின் வேறுபாட்டைப் பெருக்கும் சிப்) இரண்டு போதும்: ஒன்று மின்னழுத்தத்தைக் காக்க, மற்றொன்று மின்னோட்டத்தைக் காக்க. இரண்டையும் டையோடுகள் வழியாக ஒரே புள்ளியில் சேர்த்தால், எது குறைவாகக் கேட்கிறதோ அதன் சொல்லே செல்லும். பூஜ்யம் வரை இறங்கவும் முடியும். 723இன் டேட்டா ஷீட்டிலேயே இப்படி மிதக்கும் ரெகுலேட்டருக்கு மாதிரிச் சுற்று உண்டு. கட்டுரையாசிரியர் அதை எடுத்தாண்டிருக்கலாம். மின்னழுத்தத்தை உணரும் கம்பிகளை வெளியீட்டு முனையிலேயே நேராகச் சால்டர் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம். 10 ஆம்பியர் ஓடும் கம்பியில் 0.01 ஓம் இருந்தாலே 0.1 வோல்ட் காணாமல் போய்விடும்.

மின்வெட்டு நம் வாழ்வின் பகுதி என்பதால் இன்னொரு சோதனையையும் சேர்க்கிறேன். வரவு மின்சாரம் நின்றதும் சிறிய மின்மாற்றியின் 12 வோல்ட் முதலில் மறையும். பெரிய மின்தேக்கியில் 120 வோல்ட் அப்போதும் இருக்கும். கட்டுப்பாடு இல்லாத அந்த நேரத்தில் டிரான்சிஸ்டர்கள் மூடிக்கொள்ள வேண்டும், திறந்துவிடக் கூடாது. இது வடிவமைக்கும்போதே தீர்மானிக்க வேண்டிய ஒன்று. வெளியீட்டை 5 வோல்ட்டில் வைத்து, சிறு விளக்கு ஒன்றை இணைத்து, மெயின் ஸ்விட்சை இருபது முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறையாவது விளக்கு பளிச்சென்று மின்னினால், அந்தக் கருவி அடுத்த மின்வெட்டில் எதையாவது எரிக்கும்.

மின்மாற்றி குறித்து இரண்டு செய்திகள். பெரிய மின்தேக்கியோடு சேர்ந்த ரெக்டிஃபையர் (மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பகுதி) மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுப்பதால், 10 ஆம்பியர் நேர்மின்சாரத்துக்கு மின்மாற்றியின் சுற்றில் 16 முதல் 18 ஆம்பியர் அளவுக்குச் சூடேறும். எனவே கட்டுரையில் உள்ள 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) போதாது. 1500 விஏ வேண்டும். அப்படியானால் முழுச் சுமையில் சுவரிலிருந்து 6.5 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். உலோக உறை டிரான்சிஸ்டர்களின் உறையே கலெக்டர் என்பதையும், மைக்கா கிழிந்தால் ஹீட் சிங்க் முழுவதும் 120 வோல்ட்டில் நிற்கும் என்பதையும் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தைக் கைபடாதபடி மூடிவைக்க வேண்டும் என்பது மின்னணுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரங்களில் உள்ள எல்லை.

ஃப்யூஸ் விஷயத்திலும் ஒரு தவறு இருக்கிறது. கடையில் கிடைக்கும் 250 வோல்ட் கண்ணாடி ஃப்யூஸ் மாறுதிசை மின்சாரத்துக்கானது. மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஃப்யூஸுக்குள் எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். நேர்மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதில்லை. 120 வோல்ட் மின்தேக்கிக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி ஃப்யூஸை வைத்தால், கம்பி உருகிய பிறகும் பொறி தொடர்ந்து ஓடிக் கண்ணாடி வெடிக்கக்கூடும். நேர்மின்சாரத்துக்கென்று மதிப்பிடப்பட்ட, மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ்தான் அங்கே இருக்க வேண்டும்.

என்னை இக்கடிதம் எழுத வைத்த முதற்காரணத்துக்கு இப்போதுதான் வருகிறேன். கட்டுரையின் சுற்றில் மின்தேக்கிக்குக் குறுக்கே மின்தடை இல்லை. 20,000 மைக்ரோஃபாரட்டில் 140 வோல்ட் தேங்கினால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 200 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மீட்க மருத்துவமனைகளில் கொடுக்கும் மின்னதிர்ச்சியின் ஆற்றலுக்கு நிகரான அளவு அது. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் அந்த ஆற்றல் வெகுநேரம் அப்படியே கிடக்கும். பல ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வகத்தில் மாணவர் ஒருவர், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆன ஒரு பவர் சப்ளையின் மின்தேக்கித் திருகை ஸ்பேனரால் இறுக்கினார். ஸ்பேனர் இரண்டு முனைகளையும் தொட்டது. அறை முழுவதும் ஒளி. துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தம். ஸ்பேனரின் வாய் உருகி முனையோடு ஒட்டிக்கொண்டது. தெறித்த உலோகத் துளிகள் அவர் மணிக்கட்டில் பட்டு ஏற்பட்ட தீக்காயம் ஆற மூன்று வாரம் ஆயிற்று. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது. அந்தச் சுற்றைப் பார்த்துக் கையெழுத்திட்டவன் நான். 2.2 கிலோ ஓம் மதிப்பும் 25 வாட் திறனும் கொண்ட ஒரு மின்தடையை நான் வரையச் சொல்லியிருந்தால், இரண்டே நிமிடத்தில் அந்த மின்தேக்கி 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இதே ஆற்றலை, மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டு அனுப்பும் ஸ்விட்ச் மோட் முறையில் மூன்று கிலோ எடையில் பெறலாமே என்று தங்கள் வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான், ஒரு கிலோவாட் அளவில் தொழிற்சாலைகள் அதையே செய்கின்றன. ஆயினும் ஆடியோ ஆம்ப்ளிஃபையர்களையும் நுண்ணிய அளவீட்டுக் கருவிகளையும் சோதிக்கும்போது லீனியர் பவர் சப்ளையின் அமைதிக்கு ஈடில்லை. கெட்டுப்போனால் மாணவரே திறந்து பழுது பார்க்க முடிவதும், ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்பதைச் சாதாரண மல்டிமீட்டரால் தொடர்ந்து போய்ப் பார்க்க முடிவதும் இதில்தான். ஆகவே இப்பொருளைத் தங்கள் இணைப்பு கைவிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். முதலில் 30 வோல்ட், 3 ஆம்பியர் கருவி ஒன்றை வெளியிடுங்கள். அதில் பூஜ்ய வோல்ட் கணக்கைப் போட்டுப் பழகிய மாணவர் 100 வோல்ட்டுக்குப் போகட்டும். சென்ற வாரச் சுற்றுக்கு, மேலே கூறியவற்றைச் சேர்த்து, திருத்தம் ஒன்றையும் அதே அளவு இடத்தில் வெளியிட வேண்டுகிறேன். சுற்றுப் படத்தைச் செலவின்றி வரைந்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

திருத்தம் வெளிவரும் வரை காத்திராமல், அந்தச் சுற்றை இதற்குள் செய்துவிட்ட மாணவர்களுக்காக இதை மட்டும் அடுத்த இதழிலேயே தனியாக அச்சிடுங்கள்: பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், காப்பிட்ட கம்பிகள் பொருத்திய 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மின்தேக்கியின் இரு முனைகளிலும் தொடுங்கள். பல்பு எரியும், பிறகு மங்கும். முற்றிலும் அணைந்த பின்னும் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்து, அதன் பிறகு கருவிக்குள் கை வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.